புல்பப் துப்பாக்கி: நீளத்தில் லாபம், விசையில் நஷ்டம்

வழக்கமான ரைஃபிளில் தோள்கட்டை பெரும்பாலும் வெறும் தாங்கல்தான். புல்பப்பில் மேகசினும் (தோட்டாப் பெட்டி) போல்ட்டும் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பகுதி) விசைக்குப் (சுட விரலால் இழுக்கும் பகுதி) பின்னால், அந்தக் கட்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு இடமாற்றத்தில் வருபவை.

வழக்கமான அமைப்புள்ள அமெரிக்க ரைஃபிள் எம்16ஏ2-வின் குழல் 508 மி.மீ., மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆஸ்திரிய ராணுவம் 1977-ல் ஏற்ற புல்பப்பான ஸ்டெயர் ஏயூஜி-யிலும் அதே 508 மி.மீ. குழல், மொத்தம் 790 மி.மீ.தான். எம்16-ன் குட்டை வடிவமான எம்4-ஐக் கட்டையை உள்ளே தள்ளி இதைவிடச் சுருக்கலாம், ஆனால் குழல் 368 மி.மீ. ஆகிவிடும். இவை சுடும் 5.56 மி.மீ. தோட்டாவின் பலமே வேகம். குட்டைக் குழலில் அது குறைகிறது; சத்தமும் தீப்பிழம்பும் கூடுகின்றன. எடை தோளோடு ஒட்டி நிற்பதால், வண்டிக்குள்ளும் வாசற்படியிலும் புல்பப்பை ஒரு கையால் தாங்குவது எளிது.

விலை கொடுப்பது விசையில். விரல் முன்னே, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி பின்னே. நடுவில் நீண்ட இணைப்புக் கம்பி. கம்பி நெளியும், உராயும். இழுவை கனமாகி, எந்தக் கணத்தில் சுடும் என்று விரலுக்குப் பிடிபடாது. நல்ல விசை கொண்ட புல்பப் உண்டு, அபூர்வம்.

அடுத்தது கன்னம். சுட்ட தோட்டாவின் காலி உறை வலப்பக்கம் தெறிக்கும் இடம், இடத்தோளில் வைத்தால் முகத்துக்கு நேரே வரும். பிரிட்டனின் புல்பப்பான எல்85-ஐ இடத்தோளில் வைத்துச் சுடவே கூடாது. ஏயூஜி-யில் இடக்கை போல்ட் மாட்டி, மூடியைப் பக்கம் மாற்றலாம். ஆனால் சுவரின் இட மூலையில் நிற்கும்போது அதற்கு நேரமேது? எஃப்2000 என்ற பெல்ஜிய புல்பப் உறையை முன்பக்கமாகக் குழாய் வழியே தள்ளுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் சிக்கினால் மேல்மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மேகசின் மாற்றுவது அக்குளுக்குக் கீழே. பழக்கத்தால் வேகம் வரும். படுத்த நிலையில் கண்ணால் பார்த்துச் செய்வது மட்டும் கடைசிவரை தொல்லை. கட்டை நீளத்தையும் பெரும்பாலும் கூட்டிக் குறைக்க முடியாது. கவச உடைமேல் வைத்தால் குள்ளமானவருக்குக் கை எட்டாது. எம்4 வகையில் இரண்டு விரலால் சரிசெய்யும் வேலை இது.

தன் புல்பப்பான ஃபாமாஸை விட்டுப் பிரான்ஸ் வழக்கமான அமைப்புள்ள எச்கே416-க்குப் போனது. நியூசிலாந்தும் ஏயூஜி-யைக் கைவிட்டு வழக்கமான அமைப்புக்குத் திரும்பியது.

சத்தம் அடக்கி மாட்டும்போது மட்டும் புல்பப்பின் நீளக் கணக்கு மறுபடி ஜெயிக்கிறது: அதோடு சேர்த்தும் கையடக்கமாகவே இருக்கும். ஆனால் அடக்கி திருப்பித் தள்ளும் புகை, கண்ணுக்குப் பக்கத்திலிருக்கும், காலி உறை தெறிக்கும் அதே துவாரம் வழியாகத்தான் வெளியேறும்.