பட்டு நூல் திருகல்

தாய் சி என்றால் பூங்காவில் தாத்தாக்கள் மெதுவாகக் கை வீசுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரு சீனச் சண்டைக்கலை என்று தெரிந்தது, அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய சென் சின் பற்றிப் படித்த பிறகுதான். சீனாவின் ஹெனான் மாகாணத்தில், சென் கிராமத்துக்காரர். அப்பா அண்ணனைச் சண்டைக்கலைக்கும் இவரைப் படிப்புக்கும் என்று பிரித்துவிட்டார். அந்தப் படிப்புதான் பின்னால் கைகொடுத்தது. 1908-இல் அந்தப் புத்தகத்தை எழுத உட்கார்ந்தவர் முடித்தது 1919-இல்!

அவர் விடாமல் பிடித்துக்கொண்டது 'பட்டு நூல் சுற்றும் விசை'யை. கை நேராகப் போகாது, புரி ஏறிக்கொண்டே போகும். இடுப்பில் கிளம்பும் திருகல் தோள், முழங்கை, மணிக்கட்டு வழியாக விரல் நுனிக்கு வர வேண்டும். கூடத்தில் நின்று செய்து பார்த்தேன். எனக்குத் தோளோடு சரி.

1929-இல் இறந்தார். புத்தகம் அச்சானது 1933-இல். அதைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை, மனுஷன்.