கோணேசர் சந்நிதியில் சூரனின் நினைவு

தம்பியின் மகன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வைத்த நேர்த்தியை, கந்தசஷ்டி விரதம் முடிந்த கையோடு திருகோணமலைச் சிவன் கோயிலான திருக்கோணேச்சரத்தில் நிறைவேற்றினோம். பிரெட்றிக் கோட்டை வாசலிலேயே வான்கள் நெருக்கியடித்து நின்றதால் அம்மாவை மெல்ல நடத்தியே மேலே கூட்டிச்செல்ல வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, வரிசையில் நிற்காமல் கிட்டப்போய்க் கும்பிட வைப்பதாகக் காசு பேசியபடி ஒருவர் பின்னாலேயே வந்தார். ஈசனிடம் போகவும் தரகரா என்று அம்மா கேட்ட பிறகே விலகினார்.

ஆறு நாளும் ஊர்க்கோயிலில் புராணப் படிப்புக் கேட்டிருந்ததால், கந்தபுராணத்துச் சூரபன்மன் வதைப் படலம் என் மனத்தை விட்டு அகலவில்லை. முருகனின் விசுவரூபத்தைக் கண்ட சூரன், இவரை வலம்வர வேண்டும், தொழ வேண்டும், தீமை அகன்று இவருக்கு ஆளாகி வாழ வேண்டும் என்றெல்லாம் உருகிவிட்டு, ‘நெஞ்சம் தடுத்தது மானம் ஒன்றே’ என்று நின்றுவிடுகிறான். அவ்வடிவம் மறைந்ததும் அவன் ஞானமும் மறைகிறது. மறுபடியும் போருக்கெழுந்து, கடல் நடுவே மாமரமாகி, வேலால் பிளவுண்டு, மயிலும் சேவலுமாய்ச் சீறி வருகிறான். அப்படி வந்தவனைத்தான் கருணையோடு நோக்கி, ஊர்தியாகவும் கொடியாகவும் ஏற்றுக்கொண்டான் கந்தன். அவ்விடத்தில், பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொன்ன பெரியவருக்குக் குரல் தழுதழுத்துச் சற்று நேரம் பேச்சே வரவில்லை.

கோணேசருக்குப் பாலாபிஷேகம் நடந்தபோது எனக்கு அதே நினைவுதான். கயிலையைப் பெயர்க்கப் போய் விரலுக்கடியில் நெரிபட்ட இராவணனாவது சாமகானம் பாடி அருள் பெற்றான். சம்பந்தரும் இத்தலத்தைப் பாடிய கோணமாமலைப் பதிகத்தின் எட்டாம் பாட்டில் அவனை மறக்கவில்லை. கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டின் அருகே இன்றும் சிலையாகக் கைகூப்பி நிற்கிறான். சூரனோ கடைசிவரை கும்பிடவே இல்லை. அவனுக்கும் கிடைத்த அருளுக்கு என்ன கணக்கு?

தீபாராதனையின்போது, ஊசி குத்திய தழும்பு மறையாத கைகளை எங்கள் பிள்ளை தலைக்குமேல் கூப்பியபோது, கேட்க நினைத்தவை எல்லாம் எனக்கு மறந்துபோயின. அப்பனே, மாதுமையாளே, பிள்ளையை எங்களுக்குத் திருப்பித் தந்தீர்களே, அது போதும் என்று அழுதேன்.

அம்மா மட்டும் திருநீற்றைப் பூசிக்கொண்டு, அவன் பரீட்சைக்கென்று அடுத்த நேர்த்தியையும் அங்கேயே வைத்துவிட்டார்.