ஈறு வீங்கினால் எலும்பு ஏன் கரைகிறது? என் டீப் கிளீனிங் அனுபவம்

பல்லைச் சுத்தம் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்லாத ஆள் இல்லை. எனக்கோ கீழ் முன்பற்கள் ஏற்கெனவே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. துலக்கினால் ரத்தமும் வந்தது. சரி, இதற்கு மேல் ஆட என்ன இருக்கிறது என்று ஈறு சிகிச்சை நிபுணரிடம் போனேன்.

முதல் நாள் சுத்தம் எதுவும் கிடையாது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஈறுக்குள் இறக்கி ஆழம் பார்த்தார்கள். 3 வரை இருந்தால் கவலையில்லை. என் கடைவாய்ப் பற்களில் 6, 7 என்று டாக்டர் சொல்லச் சொல்ல வயிற்றைக் கலக்கியது. எக்ஸ்ரேயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு நன்றாகவே இறங்கியிருந்தது. வலியே தெரியாமல் எலும்பு எப்படிப் போகும் என்று கேட்டேன்.

எலும்பைக் கிருமி தின்பதில்லை, நம் உடம்புதான் கரைக்கிறது என்றார். வேரில் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை எதிர்க்க ஈறில் நோயெதிர்ப்புச் செல்கள் கூடுகின்றன. அவை இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்தத் தூண்டுதலில், எலும்பைக் கட்ட வேண்டிய ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களே 'ரேங்க்-எல்' என்ற புரதத்தைக் கூடுதலாக வெளிக்காட்டும். ரேங்க்-எல் வந்து ஒட்டியதும் முன்னோடிச் செல்கள் பல ஒன்றாக இணைந்து ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் பெரிய செல்லாகும். அது எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலத்தால் தாதுக்களைக் கரைத்து, நொதிகளால் கொலாஜனைச் சிதைக்கும். ரேங்க்-எல்லை வழியிலேயே பிடித்து நிறுத்த ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற புரதம் உண்டு. ஆனால் அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. போதாக்குறைக்கு டிஎன்எஃப் புது எலும்பு கட்டுவதையும் மந்தமாக்கிவிடும். மூட்டுவாத நோயாளிகளின் விரல் மூட்டில் எலும்பு அரிக்கப்படுவதும் ஏறக்குறைய இதே வழியில்தானாம்.

அப்புறம் அந்த 'ஆடிவிடும்' பேச்சு. எலும்பு போன பல்லைப் பக்கத்துப் பல்லோடு சிமென்ட் பூசிய மாதிரி பிடித்து வைத்திருப்பது காரை. அதை எடுத்தால் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

டீப் கிளீனிங் என்பது ஈறுக்கு அடியில் வேரில் இருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது. வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரத்துப்போக ஊசி போட்டு அதைச் செய்தார்கள். ஊசிதான் கொஞ்சம் சுருக்கென்றது. மெஷின் சத்தம் எரிச்சல். கையால் வேரைச் சுரண்டும் ஒலி தலைக்குள்ளேயே கேட்கும். அதற்கு நான் கடைசி வரை பழகவில்லை. சில வாரங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசியது. நடுவில் சர்க்கரைப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அழற்சி அடங்காது, ஈறும் ஆறாது. என் அளவு எல்லையைத் தாண்டியிருந்தது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

மறுபடி அளந்தபோது ரத்தக் கசிவு பெரும்பாலும் நின்றிருந்தது. 6 இருந்த இடங்கள் பல 4-க்கு வந்திருந்தன. இது ஈறு இறுகியதால்தான்; போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மேல் கடைவாயில் ஓர் இடம் மட்டும் இறங்கவே இல்லை. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.