வீணை கேட்கப் போன மார்கழி

மார்கழியில் சென்னை போய் ஒரு வீணைக் கச்சேரியாவது கேட்டுவிட வேண்டும் என்று பல வருடங்களாக ஆசை. இந்த முறை லீவு கிடைத்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கியபோது இன்னும் விடியவில்லை. அறையில் குளித்துவிட்டு, மயிலாப்பூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு, நேராக மியூசிக் அகாடமி.

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய இந்த அகாடமி. இப்போதுள்ள அரங்கத்துக்கு நேரு 1955இல் அடிக்கல் நாட்டினார், 1962இல் திறந்தார்கள். ரேடியோவில் மட்டுமே கேட்டிருந்த பெரிய வித்வான்களெல்லாம் உட்கார்ந்து பாடிய மேடை. உள்ளே நுழைந்ததும் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தேன்.

பகல் கச்சேரி என்பதால் இடம் தாராளமாகக் கிடைத்தது. மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மாமி, மடியில் நோட்டுப் புத்தகம். ஊர் எது என்று விசாரித்தவர், மதுரையிலிருந்து இதற்காகவே வந்தேன் என்றதும், "அப்ப தானம் வாசிக்கறச்சே அவா சுண்டு விரலைப் பாருங்கோ" என்றார். தானம் என்றால் ராக ஆலாபனைக்கு அடுத்து வரும் பகுதி.

வீணையில் 7 தந்திகள். நான்கு, மெட்டுகளின் (விரல் வைத்து அழுத்தும் குறுக்குக் கட்டைகள்) மேல் ஓடும். மற்ற மூன்றும் பக்கவாட்டில் இருக்கும், தாளத்துக்கும் சுருதிக்கும். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் தந்திகளை மீட்ட, சுண்டு விரல் பக்கத் தந்திகளை அவ்வப்போது தட்டிவிடும். இதெல்லாம் படித்துத் தெரியும். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு.

அன்று பைரவி ராகம். பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையில், வீணைக் கலைஞர் ஒரே மெட்டில் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த ஸ்வரத்தையும் அதற்கடுத்ததையும் வரவழைத்தார். மீட்டியது ஒரு முறைதான். அந்த ஒலி தேய்ந்துகொண்டே போகிறது, ராகம் அதற்குள்ளே வளர்ந்துகொண்டே போகிறது. முடியும் இடத்தைப் பிடிக்க நம் காது முன்னால் சாய வேண்டியிருக்கிறது. வீணையின் ஒலி சின்னது என்று குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் அதன் பலமாகத் தோன்றியது. வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டிலேயே வாசிப்பார், மிருதங்கம்கூட இல்லாமல். கேட்க வந்தவர்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருப்பார்களாம். ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

அப்புறம் தானம். தாளம் கிடையாது, ஆனால் நடை இருக்கிறது. மாமி சொன்னபடி சுண்டு விரலையே பார்த்தேன். மற்ற விரல்கள் எங்கெங்கோ ஓட, அது மட்டும் கோயில் மணி மாதிரி ஓர் ஒழுங்கில் ஆதார ஷட்ஜத்தை, அதாவது அடிப்படை ஸ்வரமான 'ஸ'வை, நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது. மிருதங்க வித்வான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தொடர்ந்து முத்துசுவாமி தீட்சிதரின் 'பாலகோபால'. தீட்சிதரே வீணை வாசித்தவர். அந்தக் கீர்த்தனையின் நிதானம் இந்த வாத்தியத்தில்தான் முழுசாக விரிகிறது என்பது என் எண்ணம். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், இரண்டு துக்கடா (சின்ன உருப்படிகள்), மங்களம். நேரம் போனதே தெரியவில்லை.

முடிந்ததும் தயங்கித் தயங்கி மேடை அருகே போனேன். அவர் வீணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். பலா மரம், யாளி முகம், கறுப்பு மெழுகில் பதித்த 24 மெட்டுகள், எல்லாம் கையெட்டும் தூரத்தில். நமஸ்காரம் சொன்னேன். அவரும் இரு கை கூப்பினார். அப்போது இடது கை விரல் நுனிகளைப் பார்த்தேன். தந்தி அழுந்தி அழுந்தி, கத்தியால் கீறியதைப் போல இரண்டு கறுத்த கோடுகள்.