நான்காம் தாள்: எந்தப் பொருள் இடம் மாறியது?

நேற்று மாலை முடிவு வந்தது. அருங்காட்சியகவியல் பட்டயப் படிப்பின் நான்காம் தாளில் 68. போன முறை இதே தாளில் 39 வாங்கியதால், மற்றவை எல்லாம் தேறியும் பட்டயம் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனசு லேசானது; கூடவே போன அந்த ஓராண்டை நினைத்து வருத்தமும் வந்தது. ஞாபகம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் பகுதியின் கட்டாயக் கேள்வியைப் பற்றி மட்டும்தான் சொல்லப்போகிறேன். சிந்தனைக் குழுக்களும் (கொள்கைகளை ஆய்ந்து அறிக்கை எழுதும் அமைப்புகள்) பண்பாட்டு அமைப்புகளும் அருங்காட்சியகங்களில் புது யோசனைகளை எப்படித் தூண்டுகின்றன என்று ஏதாவது ஒரு வடிவில் அது வந்துவிடும். அதில்தான் விழுந்தேன், அதில்தான் எழுந்தேன். மற்ற பகுதிகளுக்கு வகுப்புக் குறிப்புகளே போதும்.

போன முறை பதினான்கு அமைப்புகளை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய ஆண்டு, நோக்கம், வெளியிட்ட அறிக்கை. ஆறு பக்கம். இதற்கு மேல் யாராலும் எழுத முடியாது என்ற நம்பிக்கையோடு வெளியே வந்தேன். பிறகு விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருந்தது: "சரி, இதனால் எந்தப் பொருள் இடம் மாறியது?"

முதலில் கோபம்தான் வந்தது. படிப்புக்காலம் முழுக்க எங்களைப் பட்டியல் போடத்தான் பழக்கினார்கள். பெயர், ஆண்டு, நோக்கம்; அடுத்த பெயர், ஆண்டு, நோக்கம். தேர்வில் வந்து வேறொன்றைக் கேட்டால் என்ன செய்வது? அந்தக் கசப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. பதினான்கு அமைப்புகளில் ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. அறிக்கை வெளியானது என்பதோடு என் கதை ஒவ்வொன்றும் நின்றுபோயிருந்தது. காட்சிப்பெட்டிவரை ஒரு யோசனைகூடப் போய்ச் சேரவில்லை.

அதனால் இந்த முறை அந்தச் சிவப்பு வரியையே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நான்கு கட்டம் போட்டேன். யோசனை எங்கே பிறந்தது? அருங்காட்சியகத்துக்குள் எப்படி நுழைந்தது? எந்தப் பொருள் அல்லது எந்த விளக்க அட்டை மாறியது? பணம் நின்ற பிறகு என்ன மிஞ்சியது? நான்கும் நிரம்பாத எடுத்துக்காட்டை, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், தூக்கிப் போட்டேன். பதினான்கு நான்காகக் குறைந்தது.

முதலாவது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோர். இதை ஒன்றை மட்டும் ஆழமாகப் படித்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். 'தி கன்டெம்பரரி' என்று ஓர் அமைப்பு அந்த நகரில் 1989இல் தொடங்கியது. அதற்குச் சொந்தச் சேகரிப்பு இல்லை, நிலையான கட்டடமும் இல்லை. இன்னொரு பக்கம் 1844 முதல் இயங்கிவந்த மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம். கன்டெம்பரரி, ஃப்ரெட் வில்சன் என்ற கலைஞரை அழைத்துவந்து அந்தச் சங்கத்தின் சேமிப்பறைக்குள் விட்டது. அவர் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. உள்ளே இருந்ததையே இடம் மாற்றி வைத்தார். 1992இல் 'மைனிங் தி மியூசியம்' கண்காட்சி திறந்தபோது 'உலோக வேலைப்பாடு 1793–1880' என்ற ஒரே தலைப்பின் கீழ் வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கோப்பைகளும் அடிமைகளைப் பூட்டிய இரும்புத் தளைகளும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. நெப்போலியன் முதலிய மூவரின் மார்பளவுச் சிலைகளுக்கு எதிரே மூன்று வெற்றுப் பீடங்கள். அவற்றில் ஹாரியட் டப்மன், ஃபிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானெக்கர் என்று பெயர்கள் மட்டும். மூவரும் மேரிலாந்தில் பிறந்த கறுப்பினத்தவர்கள்.

இதில் தேர்வுக்கு உதவும் கருத்து இதுதான்: வெளி அமைப்பு தந்தது பொருளோ அறிவுரையோ இல்லை, ஒரு கேள்வி. தளையும் கோப்பையும் ஒரே காலத்தவை, ஒரே உலோகத் தொழில். இத்தனை நாள் ஏன் அவை பக்கத்தில் வைக்கப்படவில்லை? உள்ளே வேலை செய்பவர்களுக்குத் தங்கள் வகைப்பாடு பழகிப்போயிருக்கும். சேகரிப்பு இல்லாத அமைப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. கட்டடமே இல்லாமல் இருந்தது அதற்குப் பலமாக அமைந்தது என்று எழுதினேன். இந்த முறை தாளில் நான் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த வரி அது.

இரண்டாவது, மஞ்சள் பால்காரி. டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையம் முழுக்க அதன் மஞ்சள் பாய்ந்த மோசமான நகல்கள் பரவிக் கிடந்ததால், அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையின் சரியான நிறத்தையே மக்கள் நம்ப மறுத்தார்கள். ஐரோப்பியப் பண்பாட்டுச் சேகரிப்புகளை இணையத்தில் இணைக்கும் யூரோப்பியானா 2011இல் இந்தக் கதையை ஒரு வெள்ளை அறிக்கையின் மையமாக்கியது. நல்ல படத்தையும் தகவலையும் நீங்களே திறந்துவிடாவிட்டால் கெட்டவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது வாதம். 2012இல் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பான ரைக்ஸ்ஸ்டூடியோ 1,25,000 படைப்புகளோடு திறந்தது. இங்கே யோசனையின் திசையைக் கவனியுங்கள். மனக்குறை அருங்காட்சியகத்துக்குள் பிறந்தது. அதைப் பிற அருங்காட்சியகங்களும் எடுத்தாளக்கூடிய வாதமாக்கியது வெளி அமைப்பு. போக்குவரத்து இரு பக்கமும் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது நைரோபி. ஜெர்மனியின் பண்பாட்டு அமைப்பான கொய்ட்டே நிறுவனம், கென்யாவின் நெஸ்ட் கலைஞர் குழு, ஐரோப்பாவின் ஷிஃப்ட் குழு, கென்ய தேசிய அருங்காட்சியகங்கள், ஜெர்மனியின் கொலோன், ஃபிராங்க்ஃபர்ட் நகரங்களில் உள்ள இரண்டு அருங்காட்சியகங்கள் எல்லாம் சேர்ந்து, கென்யாவுக்கு வெளியே இருக்கும் கென்யப் பொருள்களைத் தேடிப் பட்டியலிட்டார்கள். 32,000க்கும் மேல் வந்தது. 2021இல் நைரோபி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியில் வெற்றுக் காட்சிப்பெட்டிகளை வைத்தார்கள். எந்தப் பொருள் இடம் மாறியது என்ற கேள்விக்கு, இடம் மாறிப்போனதையே காட்டிய பதில். பால்டிமோர் பீடங்களையும் இதையும் அருகருகே வைத்து ஒரு பத்தி எழுதுங்கள்.

நான்காவது எதிர்வாதத்துக்கு. பால் ஹாம்லின் அறக்கட்டளைக்காக பெர்னடெட் லிஞ்ச் 2011இல் எழுதிய அறிக்கை, பிரிட்டனின் 12 அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் ஆராய்ந்தது. மக்கள் பங்கேற்புக்காகப் பல ஆண்டுகள் நிதி வந்தும், அந்த வேலை நிறுவனத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது என்று கண்டது. என் நான்காம் கட்டத்தை நிரப்பியது இந்த அறிக்கைதான். வெளியிலிருந்து வரும் யோசனை வெளிப்பணத்தோடு வந்தால் பணத்தோடே போய்விடும் ஆபத்து உண்டு. இதை எழுதாத விடை விளம்பரம்போல ஆகிவிடும்.

சுருக்கமாகத் தொட வேண்டியவை:

– 1972, சிலி நாட்டின் சாண்டியாகோவில் வட்டமேசை. யுனெஸ்கோ கூட்டியது. நகரத் திட்டம், வேளாண்மை, கல்வி அறிஞர்கள் பேச, அருங்காட்சியகக்காரர்கள் கேட்டார்கள். சமூகத்தின் எல்லாப் பிரச்சினைகளோடும் இணைந்த 'முழுமை அருங்காட்சியகம்' என்ற கருத்து அங்கிருந்து வந்தது.

– டெமோஸ் என்ற பிரிட்டிஷ் சிந்தனைக் குழு, ஜான் ஹோல்டன், 2006: பண்பாட்டின் உள்ளார்ந்த மதிப்பு, கருவி மதிப்பு, நிறுவன மதிப்பு. முன்னுரைக்கு மட்டும்.

– 2010, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஐந்து வாரம் விக்கிப்பீடியர் ஒருவர். அறிக்கைக்குப் பதிலாக ஆள் வந்த கதை.

– எதிர்கால அருங்காட்சியக மையம், 2008, அமெரிக்கா. ஒரு வரி.

– ஐகாம் (பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை) தந்த 'அருங்காட்சியகம்' என்பதன் வரையறை: 2019 கியோட்டோவில் வாக்கெடுப்பு தள்ளிவைப்பு, 2022 ஆகஸ்டில் பிராகாவில் 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. எல்லோரும் இதையே இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். வரையறை மாறிய மறுநாள் எந்தப் பெட்டியையும் யாரும் திறக்கவில்லை.

படித்த முறையைப் பற்றியும் கேட்பீர்கள். நான் குழுவாகப் படிக்கவில்லை. கூட்டமாகப் படித்தால் பட்டியல்தான் வளர்கிறது. என் இயல்புக்கு அது நஞ்சு. பத்து அறிக்கைகளின் சுருக்கத்தை விட்டுவிட்டு ஒரே அறிக்கையைப் பின்னிணைப்பிலிருந்து முன்னோக்கிப் படித்தேன். யாரிடம் பேசினார்கள், எதற்கு யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரே பெட்டி முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். இதிலிருந்து எதை எடுத்து எதன் பக்கத்தில் வைக்கலாம், யார் சொன்னால் இவர்கள் கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு உதவவில்லை.

தேர்வு அறையில்:

– கேள்வியைப் படித்ததும் ஏழு நிமிடம் எதையும் எழுதாதீர்கள். நான்கு கட்டத்தை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் போடுங்கள்.

– மூன்று எடுத்துக்காட்டு போதும். ஐந்தாவது வேண்டவே வேண்டாம்.

– முன்னுரையில் வரையறை எழுதாதீர்கள். நான் நேராகத் தளையில் தொடங்கினேன்.

– நேரம் குறைந்தால் முடிவுரையை விடுங்கள், எதிர்வாதத்தை விடாதீர்கள்.

நான் இந்த முறை எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஃபெல்வின் சார், பெனடிக்ட் சவுவா இருவரும் ஆப்பிரிக்கப் பண்பாட்டுப் பொருள்களைத் திருப்பித் தருவது பற்றி 2018இல் பிரெஞ்சு அதிபருக்கு அளித்த அறிக்கை. அரசு கேட்டு வந்த அறிக்கையைச் சிந்தனைக் குழுவின் வேலையாகக் கொள்ளலாமா என்று தயங்கினேன். தயக்கத்திலேயே நேரம் போய்விட்டது. ஆனால் கட்டங்கள் இதைவிடத் தெளிவாக வேறெதற்கும் நிரம்பாது. 2018 அறிக்கை, 2020 டிசம்பரில் சட்டம், 2021 நவம்பரில் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்திலிருந்து அபோமே அரச மரபின் 26 பொருள்கள் பெனின் நாட்டுக்குப் புறப்பட்டன. அடுத்து எழுதப் போகிறவர்கள் இதைத் தயார்செய்து வையுங்கள். அரசு அறிக்கையும் கணக்கில் சேருமா என்பதற்கு இரண்டு வரி நியாயமும் சேர்த்து எழுதிவையுங்கள். என்னிடம் இல்லாமல் போனது அந்த இரண்டு வரிதான்.