மம்மம்: ஏதென்ஸில் ஐந்து நாள்

அக்டோபர் 14

வந்த வேலை மதியத்தோடு முடிந்தது. நகரத்தின் பழைய இடுகாடான கெராமைக்கோஸ் வரை நடந்தேன். குயவர்கள் இருந்த பகுதி என்பதால் அந்தப் பெயர். வெயிலுக்கு ஒதுங்கத்தான் அங்கிருந்த சின்ன அருங்காட்சியகத்துக்குள் போனேன். ஒரு கல்லின் முன்னால் கால் தானாக நின்றுவிட்டது.

நாற்காலியில் ஒரு பெண். இடது கையில் துணி சுற்றிய குழந்தை. வலது கையில் ஒரு குருவி, பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி. தாயும் சேயும் என்றுதான் நினைத்தேன். மேலே வெட்டியிருக்கும் எழுத்து அப்படிச் சொல்லவில்லை. அவள் பெயர் ஆம்ஃபாரெட்டே. பாட்டி. கல் அவள் வாயாலேயே பேசுகிறது: இது என் மகள் பெற்ற செல்லம், இருவரும் உயிரோடு சூரிய வெளிச்சத்தைப் பார்த்திருந்த நாளில் மடியில் வைத்திருந்தேன், இப்போது செத்த பிள்ளையைச் செத்த நானும் வைத்திருக்கிறேன்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரியாது; கிரேக்கச் சொல்லும் நம் 'குழந்தை' மாதிரி இரண்டுக்கும் பொது. அம்மாவையும் பிள்ளையையும் பறிகொடுத்த அந்த மகளைப் பற்றி, அவள் உயிரோடு இருந்தாளா என்பது உட்பட, கல்லில் எதுவும் இல்லை. வெளியே வந்த பிறகும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 15

நாள் முழுக்கக் கூட்டம். ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால். பாப்பா அம்மா மடியில் உட்கார்ந்து திரையில் என் மூக்கைத் தட்டினாள், அப்புறம் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "ஒரு வாய் கூட மிச்சம் வைக்கலடி, நீ சாப்பிட்டியா?" என்றாள் அம்மா. நேற்றுப் பார்த்த கல்லைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 16

அகோரா, பழைய ஏதென்ஸின் சந்தையும் பொதுவெளியும். அங்கே அத்தாலோஸ் மண்டபத்து அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்தது ஒரு மண் நாற்காலி. கி.மு. 6ஆம் நூற்றாண்டு. முன்பக்கத் துளையில் குழந்தையின் கால்களை விட்டு உட்கார வைத்தால், அதுபாட்டுக்கு 'போய்க்கொண்டு' வேடிக்கை பார்க்கும். இதே மாதிரி ஒன்றில் உட்கார்ந்த குழந்தை எதிரே இருக்கும் பெண்ணிடம் கை நீட்டுவதை ஒரு கிண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். தூக்கச் சொல்லித்தான். வேறெதற்கு?

அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது, கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 423இல் மேடையேற்றிய 'மேகங்கள்' நாடகம். அதில் மகனிடம் அடிவாங்கிய அப்பன் புலம்புவான்: மழலையில் நீ என்ன சொன்னாலும் எனக்குப் புரியும். 'ப்ரூன்' என்றால் தண்ணீர் கொடுத்தேன். 'மம்மான்' என்றால் ரொட்டி கொண்டுவந்தேன். 'கக்கான்' என்று நீ சொல்லி முடிப்பதற்குள் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மம்மான், கக்கான்! எங்கள் வீட்டில் இன்று காலையிலும் அதே இரண்டு சொற்கள்தான் புழங்கியிருக்கும். மொழிகளுக்குள் உறவு ஒன்றும் இல்லை. பல் முளைக்காத வாய்க்கு எந்த ஊரிலும் வருவது இவ்வளவுதான்.

மகன் விடுவதாக இல்லை. என் நல்லதுக்கு என்றுதானே அப்போது என்னை அடித்தாய், கிழவர்கள் இரண்டாம் முறை குழந்தைகள், அதனால் நானும் அடிக்கலாம் என்கிறான். ஏதென்ஸ் சட்டத்தில் பெற்றோரை அடிப்பவன் குடியுரிமையையே இழப்பான். பதவிக்குத் தேர்வானவனிடம் "பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா?" என்று கேட்ட பிறகே பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆனால் மகனுக்கு ஒரு தொழில் கற்றுத்தராத அப்பனைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் ஒரு விலக்கும் வைத்தார். பாசத்தை இவர்கள் கடன் கணக்காக எழுதியது முதலில் எரிச்சலாக இருந்தது. "உன்னை வளர்த்த கூலிடா" என்று நம் வீடுகளில் காதில் விழாத நாள் உண்டா?

இதே அகோராவில் ஒரு கிணறு இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அதற்குள் போடப்பட்ட சுமார் 450 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன, கூடவே சுமார் 150 நாய்களின் எலும்புகளும். கொன்று வீசியது என்று நினைக்கத் தோன்றும். ஆய்ந்தவர்களோ பெரும்பாலானவை பிறந்த சில நாளில் இயற்கையாக இறந்தவை என்கிறார்கள். பத்தாம் நாள்தான் பெயர் வைக்கும் வழக்கம். ஆம்ஃபாரெட்டேயின் பேரப்பிள்ளைக்குக் கல் கிடைத்தது, இவர்களுக்குக் கிணறு. அழுதார்களா என்றால், அழாமல் எப்படி?

அக்டோபர் 17

நேற்று எழுதியதற்குப் பதில் மாதிரி ஒரு கடிதம். கி.மு. 1. எகிப்தில் கிரேக்கம் எழுதிய ஒரு கூலிக்காரன் ஹிலாரியோன், அலெக்சாந்திரியாவிலிருந்து கர்ப்பிணி மனைவி ஆலிஸுக்குப் பப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதியது. குழந்தையைப் பார்த்துக்கொள், கெஞ்சிக் கேட்கிறேன், கூலி வந்ததும் அனுப்புகிறேன் என்கிறான். அடுத்து: பிறப்பது ஆண் என்றால் இருக்கட்டும், பெண் என்றால் வெளியே வீசிவிடு. அதற்கடுத்து: மறக்காதே என்று சொல்லியனுப்பினாயாமே, உன்னை எப்படி மறப்பேன்?

மூன்றையும் ஒரே கைதான் எழுதியிருக்கிறது. கள்ளிப்பால் செய்திகளைப் படித்து வளர்ந்தவள் நான், அதனால் இந்த ஆளை அந்நியன் என்று ஒதுக்க முடியவில்லை. பெண் குழந்தையின் அம்மா, அதனால் மன்னிக்கவும் முடியவில்லை. இன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை.

அக்டோபர் 18, விமான நிலையம்

ஹோமரின் கிரேக்கக் காவியம் ஒடிசியின் கடைசிப் பகுதியைத் திரும்பப் படித்தேன். போருக்குப் போய் இருபது வருடம் கழித்து ஒடிசியஸ் ஊர் திரும்பி, அப்பா லயெர்டீஸைத் தோட்டத்தில் பார்க்கிறான். ஒட்டுப்போட்ட உடுப்பு, முள் குத்தாமல் கையுறை, தலையில் ஆட்டுத்தோல் தொப்பி. ஒரு செடிக்கு மண் வெட்டிக்கொண்டிருக்கிறார். இவனோ யாரோ வழிப்போக்கன் மாதிரி பொய்க்கதை சொல்கிறான். கிழவர் புழுதியை அள்ளித் தலையில் போட்டுக்கொள்கிறார். அந்த இடத்தில் ஒடிசியஸை ஓங்கி ஒரு அறை விடத் தோன்றும் எனக்கு.

பிறகுதான் உண்மையைச் சொல்கிறான். அடையாளம் கேட்கிறார் அப்பா. காலிலிருக்கும் தழும்பைக் காட்டுகிறான், ஆனாலும் அதோடு நிறுத்தவில்லை. சின்ன வயதில் உங்கள் பின்னாலேயே இந்தத் தோட்டத்தில் சுற்றி ஒவ்வொன்றாகக் கேட்டேன், நீங்கள் பெயர் சொல்லிச் சொல்லி எனக்கென்று கொடுத்தீர்கள்: 13 பேரி, 10 ஆப்பிள், 40 அத்தி, 50 வரிசை திராட்சைக் கொடி.

கிழவருக்கு முழங்கால் துவண்டது. இரண்டு கைகளையும் மகன் மேல் போட்டார். விழாமல் அவன் பிடித்துக்கொண்டான்.