ரேம் பழசு, அதனாலதான் கேம் திக்குதா?

பழைய ரேமை வைத்துக்கொண்டு புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். தாராளமாக வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் அந்த ரேம் இப்போது எந்த லட்சணத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பழசு என்பதால் போகிற எஃப்பிஎஸ்ஸைவிட (விநாடிக்குத் திரையில் வரும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை), ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கைச் செருகிவிட்டு பயாஸ் (கணினியின் அடிப்படை செட்டிங் மெனு) பக்கமே போகாமல் விட்டதால் போகிற எஃப்பிஎஸ்தான் நான் பார்த்த கணினிகளில் அதிகம்.

முதலில் யார் ரேமுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். தனி கார்டு இருக்கிற கணினியில் படம் வரைவது கார்டின் வேலை, அதற்கு வேண்டிய டெக்ஸ்சர் (பொருள்கள் மேல் ஒட்டுகிற படங்கள்) எல்லாம் கார்டிலேயே இருக்கிற விராம் என்ற தனி நினைவகத்தில் கிடக்கும். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை எடுத்துக்கொண்டால் அந்த விராமின் வேகம் விநாடிக்கு 360 ஜிபி. டிடிஆர்4 3200 ரேம் (டிடிஆர்4 என்பது தலைமுறை, 3200 என்பது வேகம்) இரண்டு ஸ்டிக் சேர்ந்து தருவது 51.2 ஜிபி. அதனால் விராம் நிரம்பி வழியாத வரைக்கும் கார்டுக்கு உங்கள் ரேமைப் பற்றி பெரிய கவலை இல்லை.

காத்திருப்பது பிராசசர். எதிரி எங்கே நிற்கிறான், சுட்டது பட்டதா, அடுத்த ஃப்ரேமில் எதையெல்லாம் வரையச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போடுவது அதுதான். கேட்கிற தகவல் பிராசசருக்குள்ளேயே இருக்கிற கேஷ் என்ற சின்ன நினைவகத்தில் இருந்தால் சட்டென்று கிடைத்துவிடும், இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும், அதற்கு சுமார் 70 நானோ செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிற பிராசசருக்கு அது 280 துடிப்பு. ஒரு ஃப்ரேமுக்குள் இந்த மாதிரிக் காத்திருப்பு எத்தனையோ தடவை நடக்கும். கேம்களுக்கு இந்தத் தாமதம்தான் பெரிய விஷயம், விநாடிக்கு எத்தனை ஜிபி என்பது அதற்கு அப்புறம்தான்.

அதனாலேயே பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, கூடவே சிஎல் என்று ரேமின் தாமதத்தைச் சொல்கிற எண் ஒன்று இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ செகண்டில் விடை வரும். டிடிஆர்4 3200 சிஎல் 16 என்றால் 10. டிடிஆர்4 2400 சிஎல் 17 என்றால் 14க்குக் கொஞ்சம் மேல். வேடிக்கை என்னவென்றால், பழைய டிடிஆர்3 1600 சிஎல் 9 ரேமுக்கு 11.25தான், 2021இல் டிடிஆர்5 வந்த புதிதில் விற்ற 4800 சிஎல் 40க்கு 16.7 (டிடிஆர்5 ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டு வருவது அதிகம் என்பதால் அதில் கொஞ்சம் ஈடாகிவிடும்). ஆக தலைமுறை பழசு என்பதாலேயே ரேம் மந்தம் என்று முடிவு கட்ட முடியாது.

சரி, இது திரையில் எப்போது தெரியும்? 1440பியில் எல்லா செட்டிங்கும் அல்ட்ராவில் வைத்து ஒரு கதை கேம் ஆடுகிறீர்கள், கார்டு 98, 99 சதவீதத்தில் மூச்சு முட்ட ஓடுகிறது என்றால், நீங்கள் 2400ஐக் கழற்றிவிட்டு 3600 போட்டாலும் சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக நகராது. வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை லோ செட்டிங்கில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிற ஆள் என்றால் கதையே வேறு, அங்கே கார்டு சும்மா இருக்கும், பிராசசர்தான் திணறும், ரேமின் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதுவும் சராசரியைவிட ஒரு சதவீத லோ (மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) என்று சொல்கிறோமே, அந்த எண்ணில்தான் முதலில் அடி விழும். கண்ணுக்குத் திக்குவதாகத் தெரிவது அதுதான்.

உங்கள் கணினி எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. கேமில் ரெசல்யூஷனை ஒரேயடியாகக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டுதான் இழுத்துப் பிடித்திருந்தது. அப்படியே நின்றால் பிராசசர் பக்கம், அதாவது ரேமும் உடந்தையாக இருக்கலாம்.

என் சித்தி பையன் ஒருத்தன் ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர் வைத்திருக்கிறான். ரேம் மாத்தணும்ணா, புதுசா மதர்போர்டோட சேர்த்தே வாங்கிடலாமா என்று கேட்டான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் மெமரி என்பதைத் தட்டிப் பார்த்தால் வேகம் 2133 என்று காட்டுகிறது, கீழே ஸ்லாட் நான்கில் ஒன்று. ஸ்டிக் மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 3200! பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை ஸ்டிக்கரில் போட்ட வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் போர்டு பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அடிப்படை வேகத்திலேயே ஓட்டும், இது கோளாறு இல்லை, வழக்கம். ஒற்றை ஸ்டிக் 2133இல் தருவது விநாடிக்குச் சுமார் 17 ஜிபி, அதே ரகத்தில் இரண்டு ஸ்டிக் 3200இல் ஓடினால் 51. அவன் கணினி மூன்றில் ஒரு பங்கில் ஓடிக்கொண்டிருக்க, இவன் போர்டையே மாற்றக் கிளம்பியிருக்கிறான். எக்ஸ்எம்பியை ஆன் செய்து, அதே மாடலில் இன்னொரு ஸ்டிக் வாங்கி பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டதோடு புது போர்டு பேச்சு நின்றுவிட்டது.

ரைசன் என்பதால் அவனுக்குப் பலன் கூடுதல். 2017இல் வந்த முதல் ரைசனிலிருந்தே பிராசசருக்குள் இருக்கிற இணைப்புப் பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், ரைசன் 3000 வரிசையில் பொதுவாக ரேம் வேகம் 3600 வரை இரண்டும் ஜோடியாக ஓடும், அதைத் தாண்டினால் ஜோடி பிரிந்து தாமதம் கூடிவிடும். இன்டெல் ஆட்களுக்கு வேறு தலைவலி. ஐ5 10400 பிராசசரை பி460 போர்டில் போட்டவர்கள் 3200 ரேம் வாங்கினாலும் 2666தான், போர்டு அதற்கு மேல் விடாது. 2021இல் வந்த பி560இல்தான் அந்த விலை போர்டுகளில் கட்டு அவிழ்ந்தது. ரைசன் 7 5800எக்ஸ்3டி வைத்திருக்கிறவர்கள் இந்தப் பதிவையே படிக்க வேண்டாம், 96 எம்பி எல்3 கேஷ் இருப்பதால் ரேம் வரை போகிற தேவையே அதற்குக் குறைவு. பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டும் பழைய ரேமும் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சில்லு கிடைத்தது பெரிய கொடுப்பினை என்றே சொல்வேன்.

தனி கார்டே இல்லாமல், கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கிற ரைசன் 5 5600ஜி மாதிரி பிராசசரில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன சமாதானம் எதுவும் பொருந்தாது. அங்கே படம் வரைவதற்கும் இதே ரேம்தான், பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற நிலைமை. ஒற்றை ஸ்டிக்கை இரண்டாக்கினாலே எஃப்பிஎஸ் கண்கூடாக ஏறும். 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்கோடு வருகிற லேப்டாப்புகளுக்கும் இதே பேச்சுதான், பின்பக்கத்தைத் திறந்தால் பலவற்றில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும்.

அளவு போதாமல் போவதை வேகக் குறைவு என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. 8 ஜிபியில் புது கேம் ஒன்று, பின்னால் குரோமில் இருபது டேப், டிஸ்கார்ட் என்று ஓடினால் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பிக்கும், ஹார்ட் டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் 2400ஆ 3200ஆ என்று ஆராய்ச்சி செய்து பிரயோஜனமில்லை. 16 ஜிபி மெதுவான ரேம், 8 ஜிபி வேகமான ரேம் இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு 16ஐ எடுங்கள்.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறி, மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. இந்த நிலையில் டிடிஆர்5 வேண்டும் என்பதற்காக மட்டும் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. செகண்ட் ஹேண்டில் இன்னொரு டிடிஆர்4 ஸ்டிக் தேடுங்கள், முடிந்தால் அதே மாடல், இல்லாவிட்டால் இரண்டில் மெதுவானதன் வேகத்துக்கு மற்றதும் இறங்கிவிடும். போட்ட பிறகு ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விற்றவர் என்ன சமாதானம் சொன்னாலும் சரி.